மாத்திரையை நிறுத்திவிட்டார், கதவையும் திறப்பதில்லை: வீட்டு விசிட்டில் அடுத்து என்ன?

புதுக்கால்

சமூகப் பணியில் வீட்டு விசிட் பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. ஆளை அடையாளம் காட்டும் எதையும் எழுதவில்லை.

மனச்சிதைவு. வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி 5 வாரம். முதல் 2 விசிட்டுக்குக் கதவு திறந்தது. அதற்குப் பிறகு உள்ளே நடமாட்டம் கேட்கிறது, கதவு திறப்பதில்லை. மாத்திரை போடுவதில்லை என்று வீட்டார் சொல்கிறார்கள். "சாப்பாட்டுல என்னவோ கலக்குறீங்க" என்று தட்டைத் தள்ளிவிடுகிறாராம்.

நம்பிக்கையை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லவில்லை. படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கதவோரம்

முதல்ல கதவு. மாத்திரைக்கு அப்புறம் வருவோம்.

ஒரே கிழமை, ஒரே நேரம். செவ்வாய் காலை 10ன்னா எல்லா வாரமும் செவ்வாய் காலை 10தான். வழியில நேரம் கிடைச்சுதுன்னு வியாழக்கிழமை எட்டிப் பார்க்கறது நமக்கு அக்கறை, சந்தேகத்துல இருக்கறவருக்கு வேவு. மூணு தட்டு, மெதுவா. தட்டிட்டு ரெண்டு எட்டு பின்னாடி வந்து பக்கவாட்டுல நில்லுங்க. கதவைத் திறந்ததும் நெஞ்சுக்கு நேரா ஒரு ஆள் நிக்கக் கூடாது, அவர் வெளியே வர்ற வழியையும் மறிக்கக் கூடாது. உங்க பேரை மட்டும் சொல்லுங்க. நிறுவனத்து பேரும் "மனநலம்"ங்கற வார்த்தையும் தெருவுல கேட்கவே வேண்டாம், அடையாள அட்டையைச் சட்டைக்குள்ள போட்டுக்கங்க. ஜன்னல்ல எட்டிப் பார்க்கறது, பக்கத்து வீட்டுல விசாரிக்கறது ரெண்டும் கூடவே கூடாது. பக்கத்து வீட்டுல நீங்க கேட்டது சாயங்காலத்துக்குள்ள அவர் காதுக்குப் போயிடும்.

பேச்சு இப்படி இருக்கலாம்: "திறக்க வேண்டாம், இங்கிருந்தே பேசறேன். உங்க படிவத்துல ஒரு கையெழுத்து பாக்கி இருக்கு, அதைக் கேட்கத்தான் வந்தேன். 5 நிமிஷம் நிப்பேன், அப்புறம் கிளம்பிடுவேன்." 5 நிமிஷம்னு சொன்னா 5 நிமிஷத்துல கிளம்பிடணும். பாதிப் பேர் இங்கதான் தோத்துப்போறாங்க. உள்ளேருந்து ஒரு குரல் வந்ததும் ஆசை வந்து அரை மணி நேரம் நின்னுடறாங்க, அடுத்த வாரம் அந்தக் குரலும் வராது.

கிளம்பும்போது கதவுக்கு அடியில ஒரு சீட்டு.

இன்னொண்ணு. அவருக்கு என்ன வேணும்னு யோசிங்க. பல்வலி, வராத உதவித்தொகை, ஓடாத மின்விசிறி, எதுவா வேணா இருக்கட்டும். நாம மாத்திரைக்காக வர்றோம்னு அவருக்குத் தெரியும். மின்விசிறிக்காகவும் வருவோம்னு தெரியாது.

---

ஏழாம்மணி

கதவோரம் சொன்ன பொறுமைக்கு எல்லை உண்டு, அதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். தண்ணீரும் குடிக்காமல் இருப்பது; உள்ளே சத்தமே இல்லாமல், வீட்டார் கண்ணிலும் படாமல் போவது; காதில் கேட்கும் குரல் "இதைச் செய்" என்று கட்டளையிடுவதாகச் சொல்வது; தன்னையோ ஒரு குறிப்பிட்ட ஆளையோ காயப்படுத்தும் பேச்சு; சிலைபோல ஒரே நிலையில் அசையாமல், பேசாமல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த செவ்வாய் வரை காத்திருப்பது கிடையாது. அன்றைக்கே அவசரக் குழு, அல்லது அவசர சிகிச்சைப் பிரிவு.

யாரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் யாரை அழைப்பது என்ற 2 எண்களையும் விசிட்டுக்குக் கிளம்பும் முன்பே சூப்பர்வைசரோடு பேசி ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வாசலில் நின்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

---

நிழற்குடை

எல்லாரும் கதவைப் பற்றியே பேசுகிறீர்கள். 5 வாரம் மாத்திரை இல்லாமல் போனால் திரும்ப வார்டுதான். மறுக்கிற ஆளுக்குச் சாப்பாட்டில் கலந்து கொடுத்துத்தான் எத்தனையோ குடும்பங்கள் ஆளை வீட்டில் வைத்திருக்கின்றன. சொட்டு மருந்தாகவே எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. எடுத்த எடுப்பிலேயே அதைக் குற்றம் என்று சொல்லிக் குடும்பத்தைப் பகைத்துக்கொண்டால், இருக்கிற ஒரே கதவும் மூடிவிடும்.

---

மருந்துச்சீட்டு

@நிழற்குடை குடும்பத்தைப் பகைக்கக் கூடாது, சரி. கலப்பது பற்றி மறுக்க வேண்டியிருக்கிறது, காரணத்தோடு.

@புதுக்கால் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். "சாப்பாட்டுல என்னவோ கலக்குறீங்க" என்கிறார். இதை நோயின் சந்தேகம் என்று ஃபைலில் எழுதுவதற்கு முன் வீட்டாரிடம் தனியாக ஒரு கேள்வி: உண்மையிலேயே கலக்கிறீர்களா? கலக்கிறார்கள் என்றால் அவர் சொல்வது பிரமை அல்ல, சரியான தகவல். அதை "நோய்" என்று நாம் சொன்ன நாளிலிருந்து, அவர் பார்வையில் நாமும் அந்தச் சதியில் ஒரு ஆள்.

மருந்துப் பக்கத்திலும் சிக்கல்கள் உண்டு. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்தால், நாள் முழுவதும் இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். லித்தியம், வால்ப்ரோயேட், குவெட்டியாப்பின் மூன்றிலும் இந்த வகை உண்டு. ரிஸ்பெரிடோன் திரவ மருந்தைத் தேநீரிலும் கோலா பானத்திலும் கலக்கக் கூடாது, பொருந்தாது; கலப்பவர்கள் பெரும்பாலும் தேநீரில்தான் கலக்கிறார்கள். பாதி சாப்பிட்டு வைத்தால் பாதி டோஸ். ஒரு வேளை பட்டினி என்றால் டோஸே இல்லை. மீதியை வீட்டுக் குழந்தை சாப்பிட்டால் அது வேறு ஆபத்து. மருத்துவருக்கு இதெல்லாம் தெரியாது. "முழு டோஸிலும் குணமில்லை" என்று மருந்தைக் கூட்டுவார்.

அடுத்து, ஏன் நிறுத்தினார் என்பது. "நோய் பற்றிய புரிதல் இல்லை" என்று எழுதிவிடுவது எளிது. என் கணிப்பில் முதலில் பார்க்க வேண்டியது அவர் கால்களை. உட்கார்ந்தால் பாதத்தை மாற்றி மாற்றி வைக்கிறாரா, நின்றால் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருக்கிறாரா, இரவில் நடந்துகொண்டே இருக்கிறாரா? மனச்சிதைவு மருந்துகள் சிலருக்கு இந்த நிலைகொள்ளாமையைக் கொண்டுவரும். உள்ளுக்குள் தோலை உரிப்பதுபோல் ஒரு தவிப்பு, உட்கார முடியாது. வீட்டார் பார்வைக்கு "நோய் முத்திவிட்டது". அதை நம்பி மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். அவருக்குத் தெரிந்த ஒரே நிவாரணம் மாத்திரையை நிறுத்துவது. தற்கொலை எண்ணமும் இதோடு சேர்ந்து வருவதுண்டு என்பதால் இதை அன்றே மருத்துவருக்குச் சொல்லுங்கள். டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், தவிப்பைத் தணிக்க வேறு மருந்து சேர்க்கலாம். அது மருத்துவர் முடிவு.

கேட்டால் மட்டுமே வெளியே வரும் காரணங்கள் வேறு: தாம்பத்தியக் குறை, மாதவிடாய் நின்றுபோவது, 2 மாதத்தில் ஏறிய எடை, காலையில் எழ முடியாத தூக்கம். "சிலருக்கு இந்த மருந்தால் இப்படி ஆவதுண்டு, உங்களுக்கு?" என்று கேட்டால் சொல்வார்கள். "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள்.

---

புதுக்கால்

கால் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. வீட்டாரிடம் கேட்கிறேன்.

மாத்திரை போடுகிறாரா இல்லையா என்பதை எண்ணிப் பார்த்தால் தெரியாதா?

---

மருந்துச்சீட்டு

கணக்கு எளிது. 1ஆம் தேதி இரவு முதல் தினம் ஒன்று, கையில் 30. 20ஆம் தேதி காலை எண்ணினால் 11 இருக்க வேண்டும். 18 இருந்தால் 7 இரவுகள் விட்டிருக்கிறார். ஆனால் பழைய அட்டையும் புது அட்டையும் கலந்திருந்தால் எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லை, கடைசியாக வாங்கிய தேதியைப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருப்பதாலும் சாப்பிட்டார் என்று ஆகாது, தொட்டியில் போயிருக்கலாம்.

அவர் கண் முன்னால் போலீஸ் மாதிரி எண்ணாதீர்கள். "வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகுது, ஒண்ணா, ரெண்டா, அதிகமா?" என்று கேளுங்கள். விட்டுப்போவது சகஜம் என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது, அதனால் உண்மை வரும்.

எந்த மருந்தை விட்டார் என்பதும் முக்கியம். குளோசபின் என்றால் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனவர் பழைய டோஸிலேயே மீண்டும் தொடங்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும், அதை மருத்துவரே செய்ய வேண்டும். "எப்படியாவது இன்றைக்குப் போட வச்சுடுங்க" என்று வீட்டாரிடம் சொல்வது இங்கே ஆபத்து. குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சல், தொண்டைவலி வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை, வெள்ளணுக்கள் குறைந்திருக்கலாம். மலச்சிக்கலை அசட்டை செய்யாதீர்கள், குடல் இயக்கமே நின்று உயிரைக் கொல்லும் அளவுக்குப் போகும். திடீரென்று புகைப்பதை நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். நல்ல காரியம்தான், மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தட்டும்.

லித்தியம் எடுப்பவர் என்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை, சோறு தண்ணீர் இல்லாமை எல்லாமே எச்சரிக்கை. ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை கடையில் வாங்கிப் போட்டாரா என்று கேளுங்கள், அது லித்தியம் அளவை ஏற்றும். கை நடுக்கம் பெரிதாகி, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால் மருத்துவமனை. வழக்கமான பரிசோதனைக்கு இரத்தம் கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து இரத்தம் கொடுத்தால் அந்த எண்ணால் பயனில்லை.

---

நடுவாசல்

கலப்பது என்று தெரியவந்தால் குடும்பத்தோடு எப்படிப் பேசுவது? அதைச் சொல்லாமல் விட்டால் @நிழற்குடை சொல்கிற பகைதான் மிஞ்சும்.

"இப்படிச் செய்யலாமா?" என்று தொடங்காதீர்கள். "எப்போதிலிருந்து? அதற்கு முன் எதையெல்லாம் முயன்றீர்கள்?" என்று கேளுங்கள். பயத்தில் செய்கிறார்கள், பெரும்பாலும் யாரோ சொல்லி. அன்றைக்கே நிறுத்தச் சொல்லவும் வேண்டாம், இவ்வளவு நாள் உள்ளே போன மருந்து சட்டென்று நிற்கும். மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லி, அவரைப் பார்த்த பிறகு திட்டம். நாக்கில் கரையும் மாத்திரை, 2 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை ஊசி, ஒரு வேளை மருந்து என்று தேர்வுகள் உண்டு, அவற்றை மருந்து எடுப்பவர் முன் வைத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். தினமும் மாத்திரைக்காகச் சண்டை என்பது ஊசியால் முடிந்துபோவதால் அதை விரும்பிக் கேட்பவர்களும் உண்டு.

சாப்பாட்டுப் பயம் உடனே போகாது. அதுவரை அவரே உரிக்கும் பழம், அவரே பிரிக்கும் பொட்டலம், எல்லாரும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொள்வது, அவரே பரிமாறிக்கொள்வது. வாதம் வேண்டாம். "விஷம் இல்லை" என்று நிரூபிக்க அவர் தட்டிலிருந்து அள்ளிச் சாப்பிட்டுக் காட்டுவதும் வேண்டாம், "உனக்கு விஷமுறிவு மருந்து கொடுத்திருக்காங்க" என்று அதற்கும் விளக்கம் வரும். ஆமாம் போடவும் கூடாது. "எனக்கு அப்படித் தெரியலை. ஆனா அப்படி நினைச்சுக்கிட்டு சாப்பிட உட்கார்றது எவ்வளவு பயமா இருக்கும்" என்று பயத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

---

நிழற்குடை

தேநீர் விஷயமும் "சரியான தகவல்" என்பதும் நியாயம், ஏற்கிறேன். ஆனால் ஊசியையும் மறுத்து, ஆளும் சரிந்துகொண்டே போனால்?

---

நடுவாசல்

அதற்குத்தான் சட்டப்படியான வழி. நாட்டுக்கு நாடு விதி வேறு. மதிப்பீடு, எழுத்துப்பூர்வமான முடிவு, மேல்முறையீடு, கால வரம்பு என்று ஏதாவது ஒரு காவல் அதில் இருக்கும். சமையலறையில் நடக்கும் முடிவுக்கு இந்த நாலும் கிடையாது. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, அவருக்காக முடிவெடுப்பதைவிட அவர் முடிவெடுக்கத் துணை நிற்பதைக் கேட்கிறது. நல்ல நாட்களில் அவரே எழுதி வைக்கும் முன்விருப்பக் குறிப்பு இங்கே கைகொடுக்கும்: எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாரைக் கூப்பிட வேண்டும், எந்த அறிகுறி வந்தால் தன் பேச்சை மீறலாம். இப்போது எழுத முடியாது, தேறிய பிறகு மறக்காமல் செய்யுங்கள்.

குடும்பம் பற்றி இன்னும் ஒன்று. 1976இல் வான், லெஃப் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். குறைகூறல், வெறுப்பு, அளவுமீறிய கவலை இவை மிகுந்த வீட்டில், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருப்பவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம். நடைமுறையில் 2 வேலை. நேரத்தைக் குறைப்பது: அவருக்குப் பகல் மையமோ வேலையோ, அம்மாவுக்கு வெளியே ஒரு வேலை, தனித்தனி அறை. வார்த்தையைக் குறைப்பது: "சோம்பேறி" என்று சொல்லப்படுவது முக்கால்வாசி நேரம் நோயின் ஒரு பகுதி, முயற்சி எழாமை. "குளிச்சுட்டு வா" என்பதற்குப் பதில் துண்டைக் கையில் கொடுத்து "தண்ணி சூடா இருக்கு" என்று சொல்வது. அதில் இவ்வளவு இருக்கிறதா என்று வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

---

ஏழாம்மணி

டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரமும் முதல் 3 மாதமும் தற்கொலை ஆபத்து மிக அதிகமான காலம். 5ஆவது வாரம் அதற்குள்தான் வருகிறது. யாரும் இதுவரை எழுதவில்லை, எழுதுகிறேன்.

நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைக்காது, கேட்காததால்தான் தெரியாமல் போகும். தமிழில் நாம் பழக்கமாகக் கேட்பது "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று. இதில் பதில் "இல்லை" என்று நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம், அப்படி யோசிப்பது தப்பு என்றும் சொல்லிவிடுகிறோம். வரிசை இப்படி: "உயிரோட இருந்து என்ன பயன்னு தோணுதா?" ஆம் என்றால், "உயிரை விட்டுடலாம்னு நினைச்சீங்களா?" ஆம் என்றால், எப்படி என்று யோசித்தாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று நாள் குறித்தாரா, முன்பு முயன்றாரா, இன்றிரவு யார் கூட இருப்பார்கள்? பதில் வரும்போது முகத்தை மாற்றாதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. திட்டமும் வழியும் நாளும் இருந்தால் ஆளைத் தனியே விடாமல் அங்கிருந்தே அழைக்க வேண்டும்.

"தற்கொலை செய்ய மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் பயன் இல்லை, நமக்குத்தான் ஆறுதல். அதற்குப் பதில் ஸ்டான்லி, பிரவுன் இருவரும் வகுத்த பாதுகாப்புத் திட்டம், 6 பகுதி: என்ன நடந்தால் நிலை மோசமாகிறது என்று தெரியும்; தனியாக நானே என்ன செய்யலாம்; மனதைத் திருப்ப எங்கே, யாரோடு; உதவி கேட்க யார்; எந்த மருத்துவர், எந்த உதவி எண்; வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும். அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "பதற்றம் அதிகரித்தல்" என்று எழுதினால் நம்முடைய காகிதம். "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல கை சில்லுனு ஆயிடும்" என்றால் அவருடையது. கடைசிப் பகுதிதான் மிக முக்கியம்: மாத்திரையை ஒரு வார அளவுக்கு மேல் வீட்டில் வைக்காமல் ஒருவர் பொறுப்பில் கொடுப்பது, பூச்சிமருந்தை வீட்டைவிட்டே எடுப்பது.

---

நீலப்பேனா

ஃபைல் எழுதுவது பற்றி யாரும் பேசவில்லை, நான்தான் பேச வேண்டும் போல.

"பயனாளி ஒத்துழைக்கவில்லை. ஆக்ரோஷமாக இருந்தார்." இந்த 2 வாக்கியமும் 10 ஆண்டுக்கு அவர் பின்னாலேயே வரும். படிப்பவருக்கு எதுவும் தெரியாது, பயம் மட்டும் வரும். இதையே இப்படி எழுதலாம்: "செவ்வாய், காலை 10:00. மூன்று முறை தட்டினேன். 10:02க்கு உள்ளிருந்து உரத்த குரலில் 'போயிடு' என்று இருமுறை சொன்னார். கதவு திறக்கவில்லை. பொருள் எறியும் சத்தமில்லை. படிவம் பற்றிச் சொன்னேன். 'அங்கேயே வை' என்றார். 10:05க்குக் கிளம்பினேன். சீட்டு வைத்தேன்." இதில் முன்னேற்றம்கூடத் தெரிகிறது. "அங்கேயே வை" என்பது பேச்சுவார்த்தை ஐயா.

அன்றைக்கே எழுதுங்கள். பார்த்தது, அவர் சொன்னது, வீட்டார் சொன்னது, நம் கருத்து நாலையும் பிரியுங்கள். அவர் ஒருநாள் இந்த ஃபைலைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்று நினைத்து எழுதினால் பாதி வார்த்தைகள் தானாகவே விழுந்துவிடும்.

---

மருந்துச்சீட்டு

சுருக்கமாக ஒன்று, உடம்பு. கடும் மனநோய் உள்ளவர்கள் 10 முதல் 20 ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள், பெரும்பகுதி இதயம், சர்க்கரை, நுரையீரல் நோய்களால். எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை எப்போது பார்த்தது என்று ஃபைலில் ஒரு வரி இருக்கட்டும். வயதானவர் ஒரே நாளில் குழம்பி, மாலையில் மோசமாகி, கண்ணுக்கு ஏதேதோ தெரிகிறது என்றால் அது மனநோய் என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மருந்து, நீரிழப்பு எதுவாகவும் இருக்கலாம். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாளில் வலிப்பு வரலாம், 2ஆம் 3ஆம் நாளில் குழப்பமும் நடுக்கமும் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் வைத்து "மனவுறுதி" சொல்லும் நேரம் அல்ல அது.

---

புதுக்கால்

வீட்டாரிடம் கேட்டேன். கலந்திருக்கிறார்கள். தேநீரில்தான். மருத்துவரைப் பார்க்க வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறது. இரவு நடப்பது பற்றியும் சொன்னார்கள், அதையும் எழுதிக்கொண்டேன்.

செவ்வாய்க்கான சீட்டு இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்:

"வணக்கம். உங்கள் நலம் அறியவும் சிகிச்சையைத் தொடர்வது குறித்துப் பேசவும் வந்தேன். நீங்கள் இல்லாததால் சந்திக்க முடியவில்லை. மீண்டும் விரைவில் வருவேன்."

---

கதவோரம்

4 திருத்தம். "சிகிச்சை"யை எடுத்துடுங்க, சீட்டு யார் கையிலயும் கிடைக்கலாம். "நீங்கள் இல்லாததால்" பொய், அவர் உள்ளே இருந்தாரு, உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "விரைவில்"னா எப்போ? சந்தேகத்துல இருக்கறவர் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாரு. அப்புறம் உங்க பேரே இல்லை.

"வணக்கம். இன்று காலை 10 மணிக்கு வந்தேன். படிவத்தில் கையெழுத்து வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். மின்விசிறிக்கு ஆள் கேட்டிருக்கிறேன். அடுத்த செவ்வாய் காலை 10 மணிக்கு வருவேன், 5 நிமிடம் இருப்பேன். அதற்கு முன் வர மாட்டேன். வர வேண்டாம் என்றால் இந்தச் சீட்டின் பின்னால் எழுதி வெளியே வைக்கலாம்." கீழே பேரும், நீங்க எடுக்கற நேரத்தோட ஒரு போன் நம்பரும்.

கையால எழுதுங்க, அச்சடிச்ச தாள் வேண்டாம். மடிக்காம வைங்க.

---

புதுக்கால்

மடிக்காமல் ஏன்?

---

கதவோரம்

மடிச்ச தாளைப் பிரிக்கணும்னா குனிஞ்சு கையில எடுக்கணும். விரிச்சு வைச்சா எடுக்காமலே நின்னுக்கிட்டே படிச்சுடலாம்.